வண்டியை நிறுத்தி

காரணம்பேட்டை தாண்டி ஒரு வீட்டு அஸ்திவாரம்.
மூன்றடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான்கல்.
நாலு வாரு வாரிவிட்டுச்
சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

டீசல் தீந்துபோச்சுங்களா, என்றார் வீட்டுக்காரர்.
இல்லீங்க.
சூடாயிருச்சுங்களா?
இல்லீங்க.
மணிக்கு ஆயிரத்து இருநூறு பேசியிருக்கிறார்,
கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் என்ன செய்வார்.
நான் கேபின் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி
மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மலையில் அப்படித்தான் பழக்கினார்கள்.
விசில் வந்தால் நிறுத்து.
ஏழு வண்டியும் ஒன்றாக அடங்கும்.
மழைகூட அப்போது கொஞ்சம் தள்ளிப் பெய்வதுபோல் இருக்கும்.
தீயணைப்புக்காரர் ஒருவர் கையை உயர்த்தியபடி நிற்பார்,
அந்தக் கை இறங்கும்வரை
ஒருத்தரும் இருமமாட்டார்கள்.
லயன் வீடுகள் இருந்த இடத்தில்
தேயிலைச் செடிகள் வேரை மேலே காட்டி நின்றன.
மூன்றாம் நாளுக்குப் பிறகு எந்தப் பதிலும் இல்லை,
ஆனாலும் ஊதினார்கள்.

எடுத்தவர்களை நான் எண்ணவில்லை.
எண்ணுவதற்கென்று நோட்டோடு ஒருவர் நின்றார், அவர் போதும்.
என்னிடம் இருப்பது ஒரு தூக்குப்போசி மட்டும்:
பக்கெட்டில் வந்தது, மூடி கழலவில்லை,
உள்ளே சோறு வெள்ளையாக இருந்தது.

சேற்றுப்புண் பதினைந்து நாளில் ஆறிவிட்டது.
இடது தோள்தான் இன்னும் லீவரைப் பிடித்தபடியே தூங்குகிறது.
சாமத்தில் எழுந்து ஃபேனை அணைக்கிறேனாம்,
பிரிட்ஜைப் பிடுங்கிவிடுகிறேனாம்.
பால் திரிந்துபோன மூன்றாம் நாள்
வசந்தாமணி என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு தாள்.
கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நாள் என்று
வரிக்கு வரி கேட்டது.
நர்சம்மா நிமிர்ந்து,
வெசனமா இருக்குதுங்களா, என்று அவராகக் கேட்டார்.
வெசனமில்லீங்க.
காது மட்டும் வேலைக்குப் போயிட்டே இருக்குது.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி.
நாங்கள் உயிரோடு எடுத்த ஏசுவடியான்
முழங்காலுக்குக் கீழே இல்லாமல் படுத்திருந்தார்.
மண் அழுத்தியதில் சிறுநீரகம் நின்றுபோய்,
ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம்
மிஷினுக்குள் போய் வருகிறது.
அரை டஜன் சாத்துக்குடியும் ஒரு கேள்வியும் கொண்டுபோயிருந்தேன்.
கால் நசுங்கியது மண்ணாலா,
என் பக்கெட்டின் பல்லாலா?

கேட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
அவர் வேறெங்கோ இருந்து பேசினார்:
கத்துனேன் அண்ணாச்சி, கத்துனேன்,
உங்க வண்டிச் சத்தத்துல எனக்கே கேக்கல.
எல்லாம் ஒண்ணா நின்னுச்சு பாருங்க,
அப்பந்தான் எங்குரலு எனக்குக் கேட்டுது.
பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
மெதுவாகச் சொன்னார்:
இப்போ சத்தம் இல்லன்னா உறக்கம் வரமாட்டேங்கு.
இந்த மிஷின் ஓடுறவரைக்கும் உறங்குவேன்.
நின்னா, மண்ணு.

சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன்.
கேள்வி என்னோடு சூலூர்வரை நின்றுகொண்டே வந்தது,
அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது.

இன்றைக்கு மறுபடியும் நிறுத்தினேன்.
தறிச் சத்தம், அது இந்த ஊரில் எப்போதும் உண்டு.
கொரங்காட்டுக்குள் ஒரு மயில்.
சித்தாள் ராசாமணி மண்சட்டியை இறக்கி வைத்து
என்னமோ கேக்குதுங்களா, என்றாள்.
நான் சொல்லவில்லை.
அவளும் குழியின் பக்கம் தலையைச் சாய்த்தாள்.
வீட்டுக்காரர் போனில் யாரிடமோ
என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராசாமணி சும்மாட்டைச் சரிசெய்யக்
கையை மேலே தூக்கினாள்.
கொஞ்ச நேரம் ஆனது அவளுக்கு.
இறக்கினாள்.

சாவியைத் திருப்பினேன்.